வலப்பக்கத்துப் பூஜ்ஜியம்

மகனே,

"அன்புள்ள" என்று தொடங்கியிருக்க வேண்டும். நேற்று மாலை நான் பேசிய பேச்சுக்குப் பிறகு அந்தச் சொல்லைப் போட்டால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய் என்பதால் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பகலில், சேலையூர் வீட்டு ஹாலில், அதே வெள்ளைப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்று சொல்வதுகூட மிகை. நான்கு வரி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து சமையலறைக்குப் போய் வந்துவிட்டேன், அடுப்பில் ஒன்றும் இல்லை. நாளை காலை பத்து மணிக்கு ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளியில் ஆசிரியர் வேலைக்காகப் பத்தாம் வகுப்புக்கு நீ இருபது நிமிடம் டெமோ வகுப்பு எடுக்க வேண்டும். பாடம், இருபடிச் சார்பின் பூஜ்ஜியங்களைக் காரணிப்படுத்திக் காண்பது. நீ போகப்போவதில்லை என்று இன்று காலை தெரிந்துகொண்டேன். நீ போக வேண்டும். கடிதம் அதற்காகத்தான்.

ஆராதனை முடிந்து ஆலயத்தின் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உன் மனைவி அழைத்தாள். ஜெனிட்டா என்னிடம் பயப்படுகிறவள் இல்லை. அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கும்.

"அத்தை, அவரு நாளைக்கு ஸ்கூலுக்குப் போகலையாம்."

"ஏனாம்?"

"கேட்டா பதிலே வரல. பழைய டீம்ல யாரோ கான்ட்ராக்ட் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்கே ஓகே சொல்லிடறேன்ங்கறாரு. நீங்க சொன்னதுதான் அத்தை, மனசுல நிக்குது."

"நான் நெறைய சொன்னேன். அதுல எது?"

"எல்லாமும்தான்." பிறகு சமாதானமாக ஒன்று சேர்த்தாள். "அவங்களுக்கு வயசாயிடுச்சு, கணக்குல ஒண்ணு தப்பிடுச்சு, அந்தக் கோவத்துல பேசிட்டாங்க, பெருசா எடுத்துக்காதீங்கன்னு நானும் சொல்லிப் பாத்தேன்."

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு அது நேற்று நடந்ததைவிட மோசமாகப் பட்டது. ஏன் என்பதைச் சொல்லாமல் உன்னைப் போகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆகவே இது நீளும். இன்னொன்றும் தெரிந்துகொள். நான் உன்னைப் பேசியது உன் மனைவியின் முன்னாலும் மாடி வீட்டுச் சுந்தரம் சார் முன்னாலும். திருத்தத்தை மட்டும் உன் காதோடு சொல்வது நியாயமாகாது. இதன் பிரதி ஒன்றை எங்கள் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்களின் மாத இதழுக்கு அனுப்புகிறேன். அதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் என்னோடு வேலை பார்த்தவர்கள், மீதிப்பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். அவர்களுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த இடங்களில் பொறுத்துக்கொள்.

கம்பெனி உன்னை வேலையை விட்டு அனுப்பிய பிறகு, நாற்பத்து மூன்று வயதில், உன்னைவிட இருபது வயது சிறியவர்களோடு உட்கார்ந்து நீ பி.எட். முடித்தாய். அந்த இரண்டு ஆண்டுகளில் படிப்பு எப்படிப் போகிறது என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது உனக்கு வந்த கிறுக்கு, வேலை கிடைத்தால் தெளியும் என்று இருந்தேன். நேற்று மாலை நாலு மணிக்கு நீயும் ஜெனிட்டாவும் கேளம்பாக்கத்திலிருந்து வந்தீர்கள். டெமோவை என் முன்னால் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நீதான் கேட்டாய். நாற்காலிகளை வரிசையாகப் போட்டாய். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று சொல்ல இறங்கிவந்த சுந்தரம் சாரும் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் ஒரு ஸ்டூடண்ட் சார். ஆனா கணக்கு பீரியட்ல நான் எப்பவும் பெஞ்சு மேலதான் நிப்பேன், பரவால்லையா?"

"உக்காந்தே கேளுங்க சார்," என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க டீச்சர் இல்ல. பத்தாங்கிளாஸ் பொண்ணு. ஞாபகம் இருக்கட்டும்."

"பத்தாங்கிளாஸ்ல நான் உன்னவிட நல்லாவே படிச்சேன். ஆரம்பிடா."

நீ x² − 5x + 6 = 0 என்று எழுதினாய். மார்க்கரைப் பலகையை விட்டு எடுப்பதற்குள் "மைனஸ் ரெண்டு, மைனஸ் மூணு" என்றேன். பெருக்கினால் ஆறு, கூட்டினால் மைனஸ் ஐந்து. நீ தலையசைத்து (x − 2)(x − 3) = 0 என்று எழுதி, x என்பது இரண்டு அல்லது மூன்று, இவைதான் இந்தச் சார்பின் பூஜ்ஜியங்கள், இந்த இரண்டு இடங்களில் மட்டும் சார்பின் மதிப்பு ஒன்றுமில்லாமல் போகிறது என்று விளக்கினாய். அதுவரை என்னைப்போலவே செய்தாய். பிறகு வலப்பக்கத்துப் பூஜ்ஜியத்தை மட்டும் விரலால் அழித்து, அந்த இடத்தில் ஆறு என்று எழுதினாய்.

"இப்போ?"

"இப்போ என்ன? மூவிரண்டு ஆறு. x மைனஸ் ரெண்டு, மூணு. x மைனஸ் மூணு, ரெண்டு. ஆகவே x அஞ்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். போட்டுப் பாரு, சரியா வரும்."

சரியாகத்தான் வந்தது. ஐந்தில் இரண்டு போனால் மூன்று, ஐந்தில் மூன்று போனால் இரண்டு, பெருக்கினால் ஆறு. சுந்தரம் சார் கைதட்டி, "மேடம்னா மேடம்தான்!" என்றார். நீ சிரித்தாய். "இப்ப x-க்குப் பூஜ்ஜியத்தப் போட்டுப் பாருங்கம்மா," என்றாய். பூஜ்ஜியத்தில் இரண்டு போனால் மைனஸ் இரண்டு. மூன்று போனால் மைனஸ் மூன்று. பெருக்கினால் அதே ஆறு. இன்னொரு விடை என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது, நான் பார்க்கவில்லை. நீ அடைப்புகளைப் பிரித்துப் பெருக்கினாய், ஆறை இடப்பக்கம் கொண்டுவந்தாய், x² − 5x = 0 ஆயிற்று, x(x − 5) = 0 ஆயிற்று; பூஜ்ஜியமும் ஐந்தும் வரிசையாக வந்து நின்றன. "வலது பக்கம் பூஜ்ஜியம் இருந்தாதான் ரெண்டா பிரிக்கற உரிமையே வரும். ஆறு இருந்தா ஊகிக்கத்தான் முடியும். ஊகிச்சா ஒண்ணு மாட்டும், இன்னொண்ணு தப்பிச்சுடும்," என்றாய். அழகாகச் சொன்னாய். இதை நான் நேற்றே சொல்லியிருக்கலாம்.

சுந்தரம் சார் மெதுவாக, "அப்ப மேடம் ஃபெயிலா?" என்றார். அது வேடிக்கைக்கு. எனக்குத்தான் வேடிக்கையாக இல்லை. "வேலை போனவனெல்லாம் மார்க்கரப் புடிச்சா வாத்தியாரா? ரெண்டு வருஷமா வீட்ல உக்காந்துகிட்டிருந்தவன் எனக்குக் கணக்கு சொல்லிக்குடுக்கறான்!" என்று கத்தினேன். சொல்லுக்குச் சொல் அதுதான். ஒன்றையும் குறைத்து எழுதவில்லை. நீ பலகையை உள்ளங்கையால் துடைத்தாய், கை நீலமாயிற்று, குழாயில் கழுவினாய், ஜெனிட்டா போட்டு வைத்த காபியைத் தொடாமல் இறங்கிப் போனாய். சுந்தரம் சார் நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் மாடி ஏறினார்.

இனி வயதைப் பற்றி. வயது நல்ல சாக்கு. எழுபது தாண்டியவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. கண்ணாடியைத் தொலைத்தால் வயது, பால்காரரிடம் எரிந்து விழுந்தால் வயது. நேற்றைய பிழையையும் அதன் தலையில் ஏற்றிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். தூங்கவில்லை. இன்று காலை ஆலயத்தில், போதகர் பொறுமையைக் குறித்துப் பொறுமையில்லாமல் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது, காணிக்கைக் கவரின் பின்புறத்தில் (x − 1)(x − 4) = 10 என்று எழுதிப் பார்த்தேன். முந்தின நாள்தான் அடிபட்டிருக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஆனாலும் என் கை முதலில் எங்கே போயிற்று தெரியுமா? ஐயிரண்டு பத்து, x ஆறு. அதை எழுதிய பிறகுதான் பத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்து, இன்னொரு விடை மைனஸ் ஒன்று என்று கண்டேன். வயது என் முழங்காலில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஐயிரண்டு பத்தில் அது இல்லை. இந்தத் தவறை என் இருபத்தைந்தாம் வயதிலும் இதே வேகத்தில் செய்திருப்பேன். அப்போது யாரும் வலப்பக்கத்தில் ஆறு எழுதி என்னிடம் நீட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: கேள்வியைப் பார்த்ததும் நோட்டின் ஓரத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. மேலே பெருக்கற்பலன், கீழே கூட்டுத்தொகை, இரண்டு பக்கமும் இரண்டு எண்கள். "மேல ஆறு, கீழ மைனஸ் அஞ்சு!" என்று நான் சொன்னால் நாற்பது பெண்கள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். எண்ணைப் பார், உடை, எழுது, அடுத்ததற்குப் போ. முப்பத்துநான்கு ஆண்டுகள் இதைச் செய்தேன். இன்றும் கேம்ப் ரோட்டில் நிற்கும் வண்டியின் எண்ணை உடைத்துவிட்டுத்தான் தெருவைக் கடக்கிறேன். என் மாணவிகள் இருபடிச் சமன்பாட்டில் மதிப்பெண் இழந்ததில்லை. அதில் எனக்குப் பெரிய கர்வம். பாடப்புத்தகத்தில் வலப்பக்கம் எப்போதும் பூஜ்ஜியமாகவே இருந்ததால், அது ஏன் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஒரே ஒருவனுக்குத் தோன்றிற்று. அவனை நான் சாப்பாட்டு மேசையிலேயே அடக்கினேன்.

நீ அதை மறந்திருக்கலாம். பத்தாம் வகுப்பில் இருந்தாய். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன், நீ எதிரே வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய்.

"ஏம்மா, ரெண்டு நம்பரும் பூஜ்ஜியம் இல்ல. ஆனா பெருக்கினா மட்டும் பூஜ்ஜியம் வருது. அந்த மாதிரி எதுவுமே கிடையாதா?"

"கிடையாது."

"எப்படித் தெரியும்?"

"போட்றா. நாளைக்கு டெஸ்ட்."

உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "கேக்கறான்ல, சொல்லேன்," என்றார்.

"நீங்க பேப்பரப் படிங்க."

அவர் படித்தார். நீ போட்டாய். மறுநாள் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினாய். நான் சொல்ல வருவது இதுதான்: எனக்கு விடை தெரியாமல் உன்னை அடக்கவில்லை. தெரிந்துதான் அடக்கினேன். எம்.எஸ்சி. படித்தபோது ஒரு பருவம் முழுவதும் அதைத்தான் படித்திருக்கிறேன். நாம் புழங்கும் எண்களில் நீ கேட்ட மாதிரி ஜோடி கிடையாது. ஆனால் எல்லா எண் அமைப்பும் அப்படியல்ல. சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொள். அதில் பன்னிரண்டு மணி நேரம் நகர்ந்தால் நகராததற்குச் சமம்; பன்னிரண்டுதான் அங்கே பூஜ்ஜியம். மூன்று மூன்று மணியாக நான்கு முறை முள்ளை நகர்த்து. தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். மூன்றும் பூஜ்ஜியமில்லை, நான்கும் பூஜ்ஜியமில்லை, பெருக்கினால் பூஜ்ஜியம். பதினைந்து வயதில் உனக்குத் தோன்றிய சந்தேகத்துக்குப் பல்கலைக்கழகத்தில் பாடம் வைத்திருக்கிறார்கள். நம் தலைக்கு மேலேயே கடிகாரம் மாட்டியிருந்தது. எழுந்து கை நீட்டிக் காட்ட அரை நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு இன்னும் பதினெட்டுத் தாள் பாக்கி இருந்தது.

இரண்டாவதாக ஒன்று இருக்கிறது. அதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு ஆண்டுதோறும் போவேன். ஒருமுறை ஒரு தாள் வந்தது. x² + x − 12 = 0, காரணிப்படுத்தித் தீர்க்க, ஐந்து மதிப்பெண். அந்தப் பிள்ளைக்குக் காரணிப்படுத்தத் தெரியவில்லை. பெருக்கல் குறியைப் போட்டு, அடித்துவிட்டு, கீழே அட்டவணை மாதிரி எழுதியிருந்தது. x-க்கு ஒன்று போட்டால் மைனஸ் பத்து. இரண்டு போட்டால் மைனஸ் ஆறு. மூன்று போட்டால் பூஜ்ஜியம். அங்கே ஒரு வட்டம். பிறகு மறுபக்கம் இறங்கியிருந்தது: பூஜ்ஜியத்துக்கு மைனஸ் பன்னிரண்டு, மைனஸ் ஒன்றுக்கும் மைனஸ் பன்னிரண்டு, மைனஸ் இரண்டுக்கு மைனஸ் பத்து, மைனஸ் மூன்றுக்கு மைனஸ் ஆறு, மைனஸ் நான்குக்குப் பூஜ்ஜியம். இன்னொரு வட்டம். அடியில், "போன வழியே திரும்பி வருகிறது. இரண்டு இடத்தில்தான் பூஜ்ஜியம்" என்று ஒரு வரி. கையெழுத்து கோணல். நான் அதை முதன்மைத் தேர்வாளரிடம் கொண்டுபோனேன்.

"சார், விடை ரெண்டும் சரி. முறைதான் வேற."

"காரணி எங்க மேடம்?"

"இல்ல. ஒவ்வொரு எண்ணா போட்டுப் பாத்திருக்கு."

"கீயில அது இருக்கா? இல்லல்ல? ஒரு மார்க்கப் போட்டுத் தள்ளுங்க. இன்னும் நாலு கட்டு இருக்கு."

ஒரு மதிப்பெண் போட்டேன். கூட்டிப் பார்த்தபோது மொத்தம் முப்பத்துமூன்று. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். விடைக்கென்று குறிப்பில் இரண்டு மதிப்பெண் இருந்தது. முயற்சிக்கு ஒன்று சேர்த்திருந்தால் மூன்று, பிள்ளை தேறியிருக்கும். யாரும் என்னைக் கேட்டிருக்கமாட்டார்கள். விடைக்குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் போட்ட ஆசிரியை என்ற பேர் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கட்டைக் கட்டி அனுப்பிவிட்டேன். தாளில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, ஆணா பெண்ணா என்றும் தெரியாது. சார்பு எங்கே பூஜ்ஜியமாகிறது என்பதுதான் கேள்வி. அந்தப் பிள்ளை நேராக அங்கே நடந்துபோய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தது. நான் உருவாக்கிய முழு மதிப்பெண்காரிகளில் எத்தனை பேருக்குப் பூஜ்ஜியம் என்றால் என்னவென்று தெரியும்? ஆறைக் கண்டால் உடைக்கத் தெரியும். எனக்குத் தெரிந்ததும் அதுதான் என்று நேற்று நீ காட்டிவிட்டாய்.

கோபம் ஏன் அவ்வளவு வந்தது என்பது இப்போது புரிகிறதா? எனக்கு இன்று காலைதான் புரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நீ பி.எஸ்சி. கணிதம் என்றாய். தாம்பரத்திலேயே கல்லூரி இருக்கிறது, நடந்தே போவேன் என்றாய். "என்ன மாதிரி சாக்பீஸ் பொடி திங்கப் போறியா?" என்று கேட்டு உன்னைக் காட்டாங்குளத்தூருக்குப் பொறியியல் படிக்க அனுப்பினேன். நாலு வருடம் மின்சார ரயிலில் போய் வந்தாய். பிறகு இருபது வருடம் ஓஎம்ஆர் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்திருந்தாய். நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அத்தனைக்கும் பிறகு, நான் வேண்டாமென்று தடுத்த இடத்துக்கே நீயாக நடந்து வந்து, முதல் நாளே, நான் முப்பத்துநான்கு வருடம் சொல்லாததைச் சொன்னாய். அதைத் தாங்க எனக்குப் பெருந்தன்மை போதவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை நான் எழுதினால் நம் இருவருக்கும் கூச்சமாக இருக்கும். பிழை என்னுடையது என்று எழுதுகிறேன். கணக்கிலும், அதற்குப் பிறகு பேசியதிலும். கான்ட்ராக்ட் வேலை கேவலமென்று நான் சொல்லவில்லை. உனக்கு அதுதான் வேண்டுமென்றால் தாராளமாகப் போ. நான் சொன்ன இரண்டு வாக்கியத்துக்காகப் போகாதே. அவற்றைச் சொன்னவள் அப்போதுதான் தோற்றிருந்தாள்.

இவ்வளவு இறங்கி வந்துவிட்டேன் என்பதற்காக நேற்று நீ எடுத்த வகுப்பு பிரமாதம் என்று சொல்லிவிடுவேன் என எதிர்பார்க்காதே. பலகையை மறைத்துக்கொண்டு நிற்கிறாய். சுந்தரம் சார் கழுத்தை நீட்டியே பாதி வகுப்பைக் கேட்டார். நீ எழுதும் x-க்கும் பெருக்கல் குறிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எல்லாவற்றையும்விட, "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாயே, அதை நாளை செய்யாதே. விடை உனக்குத் தெரியும், எதிரே இருப்பவளுக்குத் தெரியாது; அந்த நேரத்தில் வாத்தியார் சிரித்தால் அது பொறி வைத்தவன் சிரிப்பு. நான் பதிலுக்குக் கத்தினேன். பத்தாம் வகுப்புப் பெண் கத்தமாட்டாள். அதற்குப் பிறகு வருடம் முழுவதும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள், அவள் புரிந்துகொண்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய்.

ஆறை விட்டு அவசரமாக நகராதே. அடைப்புகளைப் பிரிப்பதற்கு முன்னால், பெருக்கினால் ஆறு வரும் ஜோடிகளை வகுப்பையே சொல்லச் சொல். இரண்டும் மூன்றும் என்று ஒருத்தி சொல்வாள், ஒன்றும் ஆறும் என்று இன்னொருத்தி. எவளாவது அரையும் பன்னிரண்டும் என்பாள்; அவளைப் பெயர் கேட்டு வைத்துக்கொள். மைனஸும் வரும். பலகை நிறையட்டும், நிற்காது என்று அவர்களுக்கே தெரியட்டும். பிறகு ஆறை அழித்துவிட்டுப் பூஜ்ஜியம் எழுதி, இப்போது ஜோடி சொல்லுங்கள் என்று கேள். எந்த ஜோடியைச் சொன்னாலும் அதில் ஒரு பூஜ்ஜியம் இருக்கும். ஆறு தன்னைப் பெற்றவர்களைக் காட்டிக்கொடுக்காது, பூஜ்ஜியம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இதை அவர்கள் வாயாலேயே சொன்ன பிறகு காரணிப்படுத்தலுக்குப் போ. அப்போதுதான் எதற்காக உடைக்கிறோம் என்று தெரிந்து உடைப்பார்கள். பெருக்கல் குறி முறையையும் கற்றுக்கொடு. என்மேலுள்ள கோபத்தில் அதைத் தூக்கி எறிந்துவிடாதே. பரீட்சை எழுதப்போவது அவர்கள், நீயும் நானும் இல்லை. நேரம் மிஞ்சினால் அந்த வளைவை வரைந்து, அச்சை வெட்டும் இரண்டு இடங்களில் புள்ளி வை. கடிகாரக் கணக்கை நாளைக்கு எடுக்காதே. இருபது நிமிடம்தான், வேலை கிடைத்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியடில் எடு.

சுந்தரம் சார் இப்போது வாசலில் வந்து நிற்கிறார். நேற்று பேசாமல் போனதற்கு அவருக்குத்தான் குற்ற உணர்ச்சி போலிருக்கிறது. புறப்படத் தயாராக நான் எடுத்து வைத்திருக்கும் பையைப் பார்த்துவிட்டார்.

"எங்க மேடம், வெயில்ல கிளம்பிட்டீங்க?"

"கேளம்பாக்கம். பையனுக்கு லெட்டர்."

"லெட்டர் குடுக்க அவ்வளவு தூரமா? போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க, ஒரு நிமிஷம்."

"போட்டா ப்ளூ டிக் வரும் சார். புள்ள வராது."

அவர் சிரித்துவிட்டு வண்டியில் தாம்பரம் பேருந்து நிலையம் வரை கொண்டுவிடுகிறேன் என்கிறார். அதை மறுக்கும் அளவுக்கு என் முழங்கால் இடம்கொடுக்காது. வண்டலூர் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினால் ஐந்து மணிக்குள் உன் வீட்டில் இருப்பேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் படி. படித்து முடிக்கும்வரை நான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். ஜெனிட்டா உள்ளே கூப்பிட்டாலும் வரமாட்டேன். மார்க்கர் இரண்டு என் பையில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் பலகை கிடையாது என்று தெரியும். ஃப்ரிட்ஜ் கதவில் எழுது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். நாளைக்கு எடுக்க வேண்டிய பாடத்தை இன்றைக்கு எனக்கு எடு, முழு இருபது நிமிடமும். நான் குறுக்கே பேசாமல் கேட்க முயல்கிறேன். பேசினால், வகுப்பில் பேசுகிற பெண்ணை என்ன செய்வார்களோ அதைச் செய்: எழுப்பி, வெளியே நிறுத்து. வயதானவள், அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று எதையும் பார்க்காதே. நான் நிற்பேன். கதவை மட்டும் சாத்திவிடாதே. மீதிப் பாடத்தை அங்கிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா